எம்சிஎச் (தாய் சேய் நலம்) படிக்கணும்னு ஆசை, கையில பெல் கிராண்ட் மட்டும்தான் இருக்கு, வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

அம்மாக்குருவி:

எல்லாருக்கும் வணக்கம். இல்லினாய்ல இருக்கேன், வயசு 33, ரெண்டு குழந்தைங்க, கிரீன் கார்டு வந்து மூணு வருஷம் ஆகுது. ஒரு விக் கிளினிக்ல (வருமானம் கம்மியான அம்மா, குழந்தைங்களுக்கு சத்துணவு உதவி குடுக்கிற அரசு திட்டம்) ரிசப்ஷன்ல பார்ட் டைமா வேலை பாக்குறேன், மாசமா இருக்கிறவங்க, கைக்குழந்தையோட வர்றவங்கதான் எங்ககிட்ட வருவாங்க, தமிழ் பேசறவங்க யாராவது வந்துட்டா என்னைத்தான் உள்ள கூப்பிடுவாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு, பிரசவம் ஆகி மூணு வாரம்தான், ரெண்டு நாளா தலைவலி, கண்ணு மங்கலா தெரியுதுன்னு என்கிட்ட தமிழ்ல சொல்லுச்சு, தூக்கம் இல்லாததுனாலதான்னு வீட்டுல எல்லாரும் சொல்லிட்டாங்களாம். எனக்கு என்னமோ மனசு கேக்கல, நர்ஸ்கிட்ட போய் சொன்னேன், அவங்க பிபி பாத்த உடனே எமர்ஜென்சிக்கு அனுப்பிட்டாங்க. பிரசவத்துக்கு அப்புறமும் பிரீஎக்ளாம்சியா, அதாவது உயிருக்கே ஆபத்தான பிபி கோளாறு, வரும்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். அந்தப் பொண்ணு இப்ப நல்லா இருக்கா, குழந்தையும் நல்லா இருக்கு. ஆனா அன்னைக்கு அந்த வார்த்தைய யாரும் காதுல வாங்கலன்னா என்ன ஆயிருக்கும்னு நினைச்சு நினைச்சு எனக்கு தூக்கமே வரல. அதுல இருந்துதான் தாய் சேய் நலம், இங்க எம்சிஎச்னு சொல்றாங்களே, அதைப் படிக்கணும்னு உறுதியா இருக்கேன்.

கம்யூனிட்டி காலேஜ்ல அசோசியேட் டிகிரி முடிய இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு. இதுவரைக்கும் வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு ஃபெடரல் அரசு குடுக்கிற, திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்டும், அதே மாதிரி நம்ம ஸ்டேட் குடுக்கிற மேப் கிராண்டும் சேந்து ஃபீஸ கட்டிருச்சு, கடன் ஒரு டாலர் கூட வாங்கல. இப்ப ஒரு ஆன்லைன் காலேஜ்ல இருந்து தினமும் போன் பண்றாங்க, எங்ககிட்ட தாய் சேய் நலத்துலயே பேச்சலர்ஸ் இருக்கு, பெல்லை இங்க மாத்திக்கலாம், மீதிய லோன் போட்டுக்கலாம், இந்த வாரமே சேந்தா அட்மிஷன் ஃபீஸ் கிடையாதுன்னு. வீட்டுக்காரர் சம்பளத்துல வாடகை போக பெருசா ஒண்ணும் மிஞ்சாது. நான் என்ன பண்ணட்டும்? பேச்சலர்ஸே எம்சிஎச்ல பண்ணணுமா? மாஸ்டர்ஸ் பண்ணாத்தான் வேலையா? அதுக்கும் பெல் வருமா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.


கவுண்டி_எபி:

முதல்ல நீங்க அன்னைக்கு பண்ண காரியத்துக்கு ஒரு கும்பிடு சகோதரி. நான் வேற ஸ்டேட்ல ஒரு கவுண்டி ஹெல்த் டிபார்ட்மெண்ட்ல எம்சிஎச் எபிடெமியாலஜிஸ்ட், அதாவது நோய், இறப்புக் கணக்க ஆராயுறவன், 11 வருஷமா இதே வேலை. தாய் இறப்பு ஒவ்வொண்ணையும் எடுத்து வச்சு ஆராயுற கமிட்டி பெரும்பாலான ஸ்டேட்ல இருக்கும், அந்த மாதிரி கமிட்டிங்க பாத்த கேஸ்கள்ல 80 சதவீதத்துக்கு மேல தடுத்திருக்கக்கூடிய சாவுன்னு ஃபெடரல் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியே சொல்லிருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற தலைவலிய யாரும் கண்டுக்காம விட்ட கதைய நான் அந்த ஃபைல்கள்ல எத்தனையோ தடவ படிச்சிருக்கேன். 2021ல உயிரோட பிறந்த குழந்தை ஒரு லட்சத்துக்கு 32.9 தாய்மார் இறந்தாங்க, 2023ல அது 18.6க்கு இறங்குச்சு, ஆனா கறுப்பினப் பெண்கள்ல மட்டும் பாத்தா அதே 2023ல 50.3. ஒரே நாடு, ஒரே வருஷம். இந்த வேலைக்கு ஆள் வேணும், அதுவும் பல மொழி பேசற வீட்டுக்குள்ள போய் பேசத் தெரிஞ்ச ஆள் ரொம்ப வேணும்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். பேச்சலர்ஸ எம்சிஎச்லயே பண்ணணும்னு அவசியமே இல்ல, அப்படி ஒரு பேச்சலர்ஸ் பேரே அபூர்வம்தான், எங்க ஆபீஸ்ல வேலைக்கு எடுக்கும்போது யாரும் அதைக் கேக்கறதும் இல்ல. பொது சுகாதாரம், நியூட்ரிஷன், நர்சிங், சோஷியல் வொர்க், சைக்காலஜி இதுல எதுல பேச்சலர்ஸ் இருந்தாலும் வரலாம். எம்சிஎச்ங்கிறது பெரும்பாலும் மாஸ்டர்ஸ் லெவல்ல, எம்பிஎச்ல, அதாவது பொது சுகாதார மாஸ்டர்ஸ்ல எடுக்கிற பிரிவு. நீங்க இல்லினாய்னு சொன்னதால சொல்றேன், சிகாகோல இருக்கிற இல்லினாய் யூனிவர்சிட்டி, யூஐசில பேச்சலர்ஸ்லயே பப்ளிக் ஹெல்த் இருக்கு, மாஸ்டர்ஸ்ல எம்சிஎச்சுக்கு நல்ல பேரு. அது தவிர சாப்பல் ஹில்ல இருக்கிற நார்த் கரோலைனா யூனிவர்சிட்டி, பர்மிங்ஹாம்ல அலபாமா, டுலேன், சவுத் ஃப்ளோரிடா, மினசோட்டா இதெல்லாம் இந்தத் துறைல ரொம்ப காலமா இருக்கிற இடங்க.

எந்த எம்பிஎச்சா இருந்தாலும் செஃப் அக்ரெடிடேஷன் (அங்கீகாரம்) இருக்கான்னு பாருங்க, பொது சுகாதாரப் படிப்புகளுக்குன்னே இருக்கிற கவுன்சில் அது. அவங்க கணக்குல எம்பிஎச்னா குறைஞ்சது 42 கிரெடிட். அதுக்கு ரொம்ப குறைவா சொல்லி சீக்கிரம் முடிச்சிடலாம்னு யாராவது சொன்னா அங்கயே ஒரு கேள்விக்குறி போட்டுக்கங்க. உங்களுக்கு போன் பண்ற காலேஜ்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேளுங்க, உங்க கிரெடிட்ட நாளைக்கு நான் ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு கொண்டு போனா எடுத்துப்பாங்களா, எழுத்துல தாங்கன்னு. அவசரப்படுத்தறவங்க எழுதித் தரமாட்டாங்க.


பழைய_எய்ட்_ஆபீஸ்:

ஒரு யூனிவர்சிட்டில ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல பல வருஷம் இருந்தவன், இப்ப ரிட்டயர்டு. தங்கச்சி, பணக் கணக்க நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கம்மா.

பெல் கிராண்ட் முதல் பேச்சலர்ஸ் வரைக்கும்தான். மாஸ்டர்ஸுக்கு வராது. இதை நிறையப் பேர் பேச்சலர்ஸ் முடிச்ச அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிறாங்க, அப்ப திடீர்னு கை வெறுங்கையா நிக்கும். வருஷத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர், 2023-24ல இருந்து அதே தொகைதான். வாழ்நாளுக்கு 600 சதவீதம்னு ஒரு வரம்பு, அதாவது முழு நேரமா படிச்சா 12 செமஸ்டர். நீ கம்யூனிட்டி காலேஜ்ல எத்தனை சதவீதம் செலவழிச்சிருக்கன்னு ஸ்டூடண்ட் எய்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணா காட்டும், இன்னைக்கே பாரு. அந்த ஆன்லைன் காலேஜ்ல போய் பாதில விட்டாலும் செலவான பெல் திரும்ப வராது. மேப் கிராண்டுக்கும் கிரெடிட் கணக்குல வரம்பு இருக்கு, அதோட மேப்ங்கிறது பணம் தீர்ற வரைக்கும்தான், தகுதி இருந்தும் லேட்டா போட்டு கிடைக்காம போனவங்கள நான் வருஷா வருஷம் பாத்திருக்கேன். அதனால இந்த உதவிக்கெல்லாம் போடற ஃபாஃப்ஸாங்கிற ஃபெடரல் ஃபார்ம திறந்த வாரமே போட்டுடு, சாதாரணமா அக்டோபர் 1க்குத் திறந்துடும். இன்னொண்ணு, மேப் இல்லினாய்க்குள்ள இருக்கிற காலேஜுக்குத்தான், வெளி ஸ்டேட் ஆன்லைன் காலேஜ்னா அந்தக் காசு அப்படியே போச்சு, போன்ல பேசறவங்க இதைச் சொல்லிருக்க மாட்டாங்க.

உனக்குக் கல்யாணம் ஆகி குழந்தைங்க இருக்கிறதால நீ இண்டிபெண்டண்ட் ஸ்டூடண்ட், அப்பா அம்மா வருமானம் யாரும் கேக்கப்போறதில்ல, உன் வருமானமும் வீட்டுக்காரர் வருமானமும்தான் வரும். ஃபாஃப்ஸா ரெண்டு வருஷம் முந்தின டாக்ஸ வச்சு கணக்குப் போடும், 2026-27க்கு 2024 டாக்ஸ். நடுவுல வேலை போயிருந்தா, சம்பளம் குறைஞ்சிருந்தா, எய்ட் ஆபீஸ்ல போய் புரொஃபஷனல் ஜட்ஜ்மெண்ட் ரிவ்யூ வேணும்னு கேளு, அந்த வார்த்தையவே சொல்லிக் கேளு. அதே மாதிரி நீ படிக்கிற நேரத்துல பிள்ளைங்கள டேகேர்ல விடற செலவையும் காஸ்ட் ஆஃப் அட்டண்டன்ஸ்ல, அதாவது காலேஜ் போடற மொத்தப் படிப்புச் செலவுக் கணக்குல, சேக்கச் சொல்லிக் கேக்கலாம். கேக்காம யாரும் சேக்க மாட்டாங்க, கேட்டவங்களுக்கு நானே சேத்துக் குடுத்திருக்கேன். கேம்பஸ்ல சிகேம்பிஸ்னு ஃபெடரல் பணத்துல நடக்கிற சைல்டு கேர் உதவி இருக்கான்னும் விசாரி, அது குறிப்பா பெல் வாங்கற பெத்தவங்களுக்காகவே வந்தது.

மாஸ்டர்ஸுக்கு வருவோம். அங்க ஃபெடரல் லோன் அன்சப்சிடைஸ்டு மட்டும்தான், படிக்கும்போதே வட்டி ஏறும். வருஷத்துக்கு 20,500 டாலர். மீதிய கிராட் பிளஸ் லோன்ல போட்டுக்கலாம்னு முன்னாடி எல்லாரும் சொல்லுவாங்க, 2025ல வந்த சட்டத்துல அதை எடுத்துட்டாங்க, 2026 ஜூலை 1ல இருந்து புதுசா வாங்கறவங்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. மாஸ்டர்ஸ் வகைப் படிப்புகளுக்கு மொத்தம் ஒரு லட்சம்தான் வரம்பு. டாக்டர், வக்கீல் மாதிரி படிப்புகளுக்கு வருஷத்துக்கு 50,000ன்னு வச்சிருக்காங்க, அந்த விதியில எழுதிருக்கிற பழைய பட்டியல்ல பொது சுகாதாரத்தோட பேர் இல்ல. அதனால பழைய பதிவுகள்ல யாராவது கிராட் பிளஸ் போடுங்கன்னு எழுதிருந்தா அதை நம்பி காலேஜ தேர்ந்தெடுக்காத.

என் கருத்து இதுதான். இலவசப் பணம் எல்லாம் பேச்சலர்ஸ்ல இருக்கு, அதை நல்ல ஸ்டேட் யூனிவர்சிட்டில கடனே இல்லாம முடி. மாஸ்டர்ஸ உன் காசுல பண்ணாத, வேற ஒருத்தர் காசுல பண்ணு. அது யாரோட காசுன்னு எபி தம்பி என்னை விட நல்லா சொல்லுவார்.


அம்மாக்குருவி:

ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மேப் வெளிய செல்லாதுன்னு எனக்கு சத்தியமா தெரியாது. லாகின் பண்ணி பாத்தேன், 230 சதவீதம் செலவாயிருக்கு, பார்ட் டைமா படிச்சதால நிறைய மிச்சம் இருக்கு. அந்த காலேஜ்கிட்ட எழுத்துல கேட்டேன், மேனேஜர்கிட்ட பேசிட்டு சொல்றோம்னாங்க, அதுக்கப்புறம் போனே வரல.

வேற ஒருத்தர் காசுன்னா என்ன அர்த்தம்? ஸ்காலர்ஷிப்பா?


கவுண்டி_எபி:

ஸ்காலர்ஷிப் மட்டும் இல்லங்க. இந்தத் துறைக்கு ஒரு தனி வரலாறு இருக்கு, அது தெரிஞ்சா பணம் எங்க இருக்குன்னு தானா புரியும். 1935 சோஷியல் செக்யூரிட்டி சட்டத்துல டைட்டில் 5ன்னு ஒரு பகுதி, தாய் சேய் நலத்துக்காகவே எழுதினது. இன்னைக்கும் ஃபெடரல் 4 டாலர் குடுத்தா ஸ்டேட் 3 டாலர் போடணும். உங்க ஸ்டேட் ஹெல்த் டிபார்ட்மெண்ட்ல எம்சிஎச் வேலைங்க நிறைய அதுல இருந்துதான் நடக்குது, அதே நிதியில ஒரு பங்கு ஆள் பயிற்சிக்கும் போகுது. ஹெர்சாங்கிற ஃபெடரல் ஏஜென்சில எம்சிஎச் பீரோ இருக்கு, அவங்கதான் யூனிவர்சிட்டிகளுக்கு டிரெய்னிங் கிராண்ட் குடுக்கிறாங்க, அந்தப் பணம் டிரெய்னீஷிப்னு மாணவர்கள் கைக்கு வரும், சில இடத்துல ஸ்டைபெண்டா (கைச்செலவுப் பணமா), சில இடத்துல டியூஷன்ல, அதாவது காலேஜ் ஃபீஸ்ல, கழிச்சு. இதுல பெரும்பாலும் சிட்டிசன் இல்லனா கிரீன் கார்டு கேப்பாங்க, உங்களுக்கு அது இருக்கு. லெண்ட்னு ஒரு திட்டம் இருக்கு, வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம் இருக்கிற பிள்ளைங்களோட குடும்பங்களுக்கு வேலை பாக்க கத்துக்குடுக்கிறது, 300 மணி நேரத்துக்கு மேல பயிற்சி, இல்லினாய்லயும் உண்டு. விஷயம் என்னன்னா இதெல்லாம் எய்ட் ஆபீஸ் லிஸ்ட்ல பெரும்பாலும் இருக்காது, டிபார்ட்மெண்ட் உள்ளயே இருக்கும். அப்ளை பண்றதுக்கு முன்னாடியே எம்சிஎச் புரோகிராம் ஒருங்கிணைக்கிறவங்களுக்கு மெயில் போட்டு, இந்த வருஷம் டிரெய்னீஷிப் எத்தனை பேருக்கு, எவ்வளவு, டியூஷன் கவர் ஆகுமான்னு நேரா கேளுங்க. ஃபெடரல் கிராண்ட்ங்கிறதால வருஷத்துக்கு வருஷம் மாறும், போன வருஷப் பொண்ணு சொன்னத வச்சு கணக்கு போடாதீங்க.

அடுத்தது அசிஸ்டண்ட்ஷிப். ரிசர்ச்லயோ டீச்சிங்லயோ வாரம் 10, 20 மணி நேரம் வேலை, பல ஸ்டேட் யூனிவர்சிட்டில அதோட டியூஷன் வேய்வர் (ஃபீஸ் தள்ளுபடி) வரும், சில எம்பிஎச் புரோகிராம்ல வராது, அதையும் எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.

மூணாவதுதான் எனக்கு நடந்தது, உங்களுக்கும் ரொம்ப பொருந்தும்னு நினைக்கிறேன். பேச்சலர்ஸ் முடிச்சதும் ஹெல்த் டிபார்ட்மெண்ட்லயோ ஆஸ்பத்திரிலயோ முழு நேர வேலைக்குப் போங்க. வேலை குடுக்கிறவங்க வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் படிப்புக்குக் குடுத்தா அதுக்கு உங்களுக்கு டாக்ஸ் கிடையாது, நிறைய பெரிய ஆஸ்பத்திரிங்க இதைக் குடுக்கிறாங்க. நான் வேலை பாத்துக்கிட்டே சாயங்காலம் கிளாஸ்ல மூணரை வருஷத்துல எம்பிஎச் முடிச்சேன், மெதுவாத்தான் போச்சு, ஆனா முடிச்ச அன்னைக்குக் கடன் ரொம்ப கொஞ்சம். மினசோட்டா மாதிரி இடங்கள்ல எம்சிஎச் எம்பிஎச்ச ஆன்லைன்லயே பண்ணலாம், குழந்தைங்க இருக்கிறவங்களுக்கு அது உதவும். மிச்சக் கடன் இருந்தா, கவுண்டி, ஸ்டேட், லாப நோக்கம் இல்லாத ஆஸ்பத்திரின்னு வேலை பாக்கறவங்களுக்கு 120 மாசத் தவணை கட்டினதும் மீதி ஃபெடரல் கடனைத் தள்ளுபடி பண்ற பிஎஸ்எல்எஃப் இருக்கு, வாரம் 30 மணி நேரமாவது வேலை பாக்கணும். எம்சிஎச்ல இருக்கிற வேலைங்க நிறைய அந்த வகைதான். ஆனா தள்ளுபடி ஆயிடும்னு நினைச்சு தைரியமா நிறைய வாங்கிடாதீங்க, பத்து வருஷத்துல வாழ்க்கை எங்க போகும்னு யாருக்குத் தெரியும்.


மழைக்கால_வீடு:

இதை நான் கண்டிப்பா எழுதணும்னு வந்தேன், ஏன்னா யாரும் இதைச் சொல்லல. நான் பெல் கிராண்ட்ல படிச்சிட்டு இருந்தப்ப ரெண்டாவது குழந்தை வயித்துல, ஏழாவது மாசத்துலயே வலி வந்து ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. செமஸ்டர் பாதில, எல்லா கிளாஸையும் டிராப் பண்ணுங்கன்னு காலேஜ்ல சொன்னாங்க, நானும் படுக்கைல இருந்தே ஃபார்ம்ல கையெழுத்து போட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு பில் வருது. செமஸ்டர்ல 60 சதவீதம் தாண்டறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் விட்டா, வாங்கின எய்ட்ல ஒரு பங்கு திரும்பப் போகணுமாம், அது விதி, அதைக் காலேஜ் எங்கிட்ட கேட்டாங்க. குழந்தை என்ஐசியூல, பச்சக்குழந்தைங்க ஐசியூல, இருந்தான், நான் அந்த பில்ல கையில வச்சுக்கிட்டு காரிடார்ல உக்காந்து அழுதேன். அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் மறுபடி சேர விடல, ஒன்றரை வருஷம் போச்சு.

பின்னாடிதான் தெரிஞ்சுது, படிப்புல ஆண் பெண் பாகுபாட்டத் தடுக்கிற டைட்டில் 9 சட்டப்படி கர்ப்பம், பிரசவம் இதுக்காக டாக்டர் அவசியம்னு சொல்ற வரைக்கும் லீவ் குடுக்கணும், திரும்பி வரும்போது பழைய நிலைலயே சேத்துக்கணும்னு. இன்கம்ப்ளீட் போடுங்க, மிச்சத்த அப்புறம் முடிக்கிறேன்னு கேட்டிருந்தா ஒரு கிளாஸ்லயாவது தங்கியிருக்கலாம், மொத்தமா டிராப் பண்ணியிருக்கவே தேவையில்ல. யாரும் சொல்லித் தரல, எனக்கும் கேக்கத் தெரியல. அக்கா, உங்க பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லன்னாலும் சரி, உங்களுக்கே எதாவதுன்னாலும் சரி, கிளாஸ் டிராப் பண்ற பட்டன அழுத்தறதுக்கு முன்னாடி எய்ட் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு நான் இதை விட்டா எவ்வளவு திருப்பிக் குடுக்கணும்னு கேளுங்க. எடுத்த கிரெடிட்ல மூணுல ரெண்டு பங்காவது பாஸ் ஆகணும்னு பெரும்பாலான காலேஜ்ல கணக்கு வச்சிருக்காங்க, அது தவறினாலும் எய்ட் நிக்கும், ஆனா அதுக்கு அப்பீல் உண்டு, ஆஸ்பத்திரி பேப்பர வச்சு நான் அப்பீல் பண்ணித்தான் திரும்ப உள்ள வந்தேன். இப்ப டிகிரி முடிச்சிட்டேன். என் பையனுக்கு ஆறு வயசு, ஓடறான்.


பிரசவ_வார்டு:

லேபர் அண்ட் டெலிவரி நர்ஸ் நான். ஒரே ஒரு விஷயம் சேக்கறேன். அந்தப் பொண்ணு கூடவே நிக்கணும், கையப் பிடிக்கணும்ங்கிற ஆசையா, இல்ல இப்படி ஆயிரம் பொண்ணுங்களுக்கு நடக்காம இருக்க ஏற்பாடு பண்ணணும்ங்கிற ஆசையா, இதை மட்டும் யோசிச்சுப் பாருங்கம்மா. ரெண்டாவதுன்னா எபி சொன்ன எம்பிஎச் சரி. முதலாவதுன்னா நர்சிங், அதுக்கு மேல நர்ஸ் மிட்வைஃப், அதாவது பிரசவம் பாக்கிற நர்ஸ். நர்ஸ் மிட்வைஃப் ஆக மாஸ்டர்ஸ் வேணும், ஆனா நர்ஸ் கார்ப்ஸ் ஸ்காலர்ஷிப்னு ஹெர்சா குடுக்குது, டியூஷன், ஃபீஸ், மாசா மாசம் ஸ்டைபெண்ட் எல்லாம் உண்டு, முடிச்சதும் ஆள் பத்தாத இடத்துல குறைஞ்சது ரெண்டு வருஷம் வேலை பாக்கணும். கிரீன் கார்டு இருந்தாலே அதுக்குப் போடலாம். நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கார்ப்ஸும் நர்ஸ் மிட்வைஃபுக்குக் குடுக்கும், ஆனா அதுக்கு சிட்டிசன் ஆகியிருக்கணும். ரெண்டுலயும் போட்டி கடுமை, வாக்குக் குடுத்த மாதிரி வேலை பாக்கலன்னா அபராதம் பெருசு, படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.


அம்மாக்குருவி:

நேத்து ராத்திரி பிள்ளைங்க தூங்கினதும் எல்லாத்தையும் மறுபடி மறுபடி படிச்சேன். மழைக்கால_வீடு தங்கச்சி, உங்க பையன் ஓடறான்னு படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு.

பிரசவ_வார்டு அக்கா கேட்ட கேள்விய வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டேன், அவர் சொன்னாரு, நீ அன்னைக்கு வந்து அந்தப் பொண்ணப் பத்தி பேசினத விட, ஏன் அவ வீட்டுல யாருக்கும் இது தெரியல, ஏன் டிஸ்சார்ஜ் பேப்பர் தமிழ்ல இல்லன்னுதான் ஒரு மாசம் பேசினன்னு. அப்ப எம்பிஎச்தான்னு நினைக்கிறேன். யூஐசில பப்ளிக் ஹெல்த் பேச்சலர்ஸுக்கு டிரான்ஸ்ஃபர் அட்வைசர்கிட்ட வர்ற செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கிட்டேன், எந்த கிரெடிட் ஏத்துப்பாங்கன்னு எழுத்துல கேக்கப்போறேன், டேகேர் செலவையும் கேக்கப்போறேன். ஒரே ஒரு சந்தேகம், பேச்சலர்ஸ் படிக்கும்போதே விக் கிளினிக் வேலைய விட்டுடலாமா, படிப்புல முழுசா இறங்கலாம்னு பாக்கறேன்?


கவுண்டி_எபி:

விடாதீங்க சகோதரி, மணி நேரத்தக் குறைச்சுக்கங்க, ஆனா விடாதீங்க. நாளைக்கு டிரெய்னீஷிப்புக்கு கட்டுரை எழுதும்போது மத்தவங்க எல்லாம் தாய் சேய் நலத்துல ஆர்வம்னு எழுதுவாங்க, நீங்க அந்த ரிசப்ஷன்ல பாத்தத எழுதுவீங்க. உங்க மேனேஜர்கிட்ட கேட்டு தாய்ப்பால் பியர் கவுன்சிலர் (மத்த அம்மாக்களுக்கு வழி சொல்ற அம்மா) பயிற்சி இருக்கான்னு பாருங்க, விக்ல அது உண்டு, தாய்ப்பால் குடுத்த அம்மாக்களத்தான் அதுக்கு எடுப்பாங்க. அந்த டிஸ்சார்ஜ் பேப்பர் விஷயத்தையும் இப்பவே ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கங்க, தேதியோட.


பழைய_எய்ட்_ஆபீஸ்:

செவ்வாய்க்கிழமை போகும்போது ரெண்டு வருஷ டாக்ஸ் ரிட்டர்னும் கிரீன் கார்டும் எடுத்துட்டுப் போம்மா. டேகேர்ல வாங்கின ரசீதும். என்ன சொன்னாங்கன்னு இங்க வந்து எழுது, புரியாத லெட்டர் எது வந்தாலும் பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு போடு, நான் படிச்சு சொல்றேன்.